காலண்டரில் யார் படம்?

‘ஜெய் பீம்’ படத்தை முதல் தடவை பார்த்தபோது அந்தக் காலண்டரை நான் பார்க்கவே இல்லை. 2021-ல் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் ஓ.டி.டி.யில் வந்த படம். அடுப்படியில் அதிரசத்துக்குப் பாகு வைத்திருந்த அம்மா நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தாள். லாக்கப்பில் அடிக்கிற காட்சி வந்ததும், “இதையெல்லாம் நல்ல நாளும் அதுவுமா போடணுமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் திரும்ப வரவில்லை. நான் முழுப் படத்தையும் பார்த்தேன். கொஞ்சம் அழுதேன். படுத்துத் தூங்கிவிட்டேன்.

அப்புறம் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் தன் வீட்டில் நின்று போன் பேசும் காட்சி. அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர். அதில் அக்னி கலசம், வன்னியர் சங்கத்தின் அடையாளம். யாரோ அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். நானும் விடாமல் படத்தை மறுபடி ஓட்டி, முன்னே பின்னே இழுத்து, அந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அதற்குள் காலண்டர் மாறிவிட்டது. கலசம் இருந்த இடத்தில் மகாலட்சுமி உட்கார்ந்திருந்தாள்.

அன்றைக்கு நான் படத்தின் பக்கம். இருளர் குடும்பத்துக்கு நடந்த கொடுமையை இரண்டரை மணி நேரம் காட்டியிருக்கிறார்கள், இவர்களுக்குக் காலண்டர்தான் கண்ணில் படுகிறதா என்று எரிச்சலாக இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி மனதில் ஒட்டிக்கொண்டது. நிஜச் சம்பவத்தில் லாக்கப்பில் இறந்த ராஜாகண்ணு பெயர் அப்படியே இருக்கிறது, வழக்கறிஞர் சந்துரு பெயர் அப்படியே இருக்கிறது. அந்தப் போலீஸ்காரர் பெயர் மட்டும், வன்னியர் சங்கத் தலைவராக இருந்த காடுவெட்டி குருவை நினைவூட்டுகிற மாதிரி, ஏன் குருமூர்த்தி ஆனது? அவர் வீட்டுச் சுவரில் ஏன் அந்தக் காலண்டர்? இயக்குநர் பிறகு வருத்தம் தெரிவித்தார், உள்நோக்கம் இல்லை என்றார். நம்புகிறேன். ஆனாலும் சினிமா செட்டில் எதுவும் தானாக முளைப்பதில்லை. ஒரு ஆள் ஆணி அடிக்கிறார், ஒரு ஆள் கடையிலிருந்து காலண்டர் கொண்டு வருகிறார். அந்த ஆணியில் எதையாவது மாட்டித்தான் ஆக வேண்டும். முருகன் படம் மாட்டியிருந்தால் எதுவும் சொல்லாமல் விட்டிருப்போம். முருகன் படத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பதாலா? அந்த அர்த்தம் நமக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

“படத்தில் அரசியலைத் திணிக்கிறார்கள்” என்ற புகாரை நான் கேட்க ஆரம்பித்து முப்பத்தைந்து வருடம் இருக்கும். முதலில் கேட்டது என் தாத்தாவிடம்.

எங்களுக்கு விருதுநகர். தாத்தா வத்தல் மண்டியில் கணக்கு எழுதியவர். கதர்ச் சட்டை, காந்தி படம் போட்ட டைரி, சாகும்வரை காங்கிரஸ். 1967 தேர்தலில் காமராஜர் சொந்த ஊரிலேயே, பெ. சீனிவாசன் என்ற தி.மு.க. மாணவர் தலைவரிடம் 1,285 வாக்கில் தோற்றார். அன்றைக்கு ராத்திரி தாத்தா சாப்பிடவில்லை என்று பாட்டி சொல்வாள். அந்தத் தோல்விக்கு அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றே ஒன்று: சினிமா. ஜனவரி 12-ம் தேதி எம்.ஆர். ராதா சுட்டு, எம்.ஜி.ஆர். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த படம் போஸ்டராக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. “கழுத்துக் கட்டுக்கு ஓட்டுப் போட்டாய்ங்க” என்பார். அரிசித் தட்டுப்பாடோ, 1965 மொழிப் போராட்டத்தில் நடந்த துப்பாக்கிச் சூடோ அவர் கணக்கில் வரவே வராது. இத்தனைக்கும் கணக்குப்பிள்ளை.

அவரிடம் ஆதாரங்கள் இருந்தன, அதையும் சொல்ல வேண்டும். எம்ஜியார் பிக்சர்ஸ் படம் தொடங்கும்போதே ஒரு ஆணும் பெண்ணும் கட்சிக் கொடியைத் தூக்கிப் பிடித்து நிற்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எப்படித் தெரியும்? ஆனால் கொட்டகைக்குத் தெரிந்தது, விசில் பறந்தது. 1966 பொங்கலுக்கு வந்த ‘அன்பே வா’வில் சிம்லா மலையில் எம்.ஜி.ஆர். துள்ளிக்கொண்டு பாடும் பாட்டுக்கு வாலி முதலில் எழுதியது ‘உதய சூரியன்’. அது கட்சிச் சின்னமாயிற்றே என்று தணிக்கையில் ஆட்சேபம் வர, ‘புதிய சூரியன்’ என்று மாற்றினார்கள். மாற்றி என்ன பிரயோசனம்? உதய, புதிய இரண்டும் ஒரே அச்சில் வார்த்த வார்த்தைகள். டி.எம்.எஸ். பாடுவது புதிய, ரசிகன் காதில் விழுவது உதய. தணிக்கை செய்தவர்களே தியேட்டரில் உட்கார்ந்து கேட்டிருந்தால் அப்படித்தான் கேட்டிருக்கும். எழுத்தைத்தான் வெட்ட முடியும், காதை என்ன செய்வது?

தாத்தா இதையெல்லாம் சொல்லி, “படம்னா படமா இருக்கணும்” என்று முடிப்பார். அடுத்த நிமிஷமே ‘பராசக்தி’ கோர்ட் வசனத்தை எடுத்து விடுவார். ஒரு எழுத்துப் பிசகாது. அந்தப் படம் 1952 தீபாவளிக்கு வந்தது, வசனம் கருணாநிதி, தடை செய்யச் சொல்லிக் கூச்சல் போட்டவர்களில் தாத்தாவின் கட்சிக்காரர்களும் உண்டு. எங்கள் மாமா, அம்மாவின் அண்ணன், தி.மு.க. அவர் ஒருநாள் மடக்கினார்: “என்ன மாமா, எங்க ஆளு வசனத்தை இப்படி உருப்போட்டு வச்சிருக்கீங்க?” தாத்தா அசரவில்லை. “வசனம்தான்யா உங்காளுது. வாய் எங்காளுது.”

அது உண்மைதான். சிவாஜி அதற்குள் தி.மு.க.வை விட்டு விலகி, காமராஜர் பக்கம் வந்து பல வருடம் ஆகியிருந்தது. அந்த ஒரே காரணத்தால் ‘பராசக்தி’ எங்கள் வீட்டில் பிரச்சாரம் என்ற பட்டியலிலிருந்து நடிப்பு என்ற பட்டியலுக்கு மாறிவிட்டது. ‘கப்பலோட்டிய தமிழன்’ எந்தப் பட்டியலிலும் இல்லை. அது வரலாறு. அதில் அரசியல் இருப்பதாகச் சொன்னால் தாத்தாவுக்குக் கோபம் வந்திருக்கும்.

கூத்தாடிகள் என்று அவர் வாய் நிறையத் திட்டும்போது எனக்குத் திருப்பிச் சொல்லத் தெரியாத வயது. இப்போது தெரியும். சினிமாவையும் நாடகத்தையும் மேடைக்குக் கூட்டி வந்ததே அவர் கட்சிதான். சத்தியமூர்த்தி கலைஞர்களைக் காங்கிரஸ் மேடையில் ஏற்றினார். கே.பி. சுந்தராம்பாள் ஊர் ஊராகப் போய்ப் பாடி வாக்குக் கேட்டார், பின்னால் மேலவை உறுப்பினரும் ஆனார். 1939-ல் வந்த கே. சுப்ரமணியத்தின் ‘தியாக பூமி’யை வெள்ளைக்கார அரசாங்கம் தடை செய்தது, காரணம், அது காங்கிரஸ் பிரச்சாரம் செய்கிறதாம். அன்றைக்கு ஏதோ ஒரு ஊரில், பிரிட்டிஷாருக்கு வேண்டிய ஒரு ராவ்பகதூர், “படம்னா படமா இருக்கணும்” என்று நிச்சயம் சொல்லியிருப்பார்.

வாலியிடம் திரும்புகிறேன். சூரியனின் பெயரை மாற்றச் சொல்லி தணிக்கையிடம் மாட்டிய அதே வாலி, இருபது வருடம் கழித்து முற்றிலும் வேறு பக்கத்திலிருந்து மாட்டினார். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படத்தின் கதை அவருடையது. பிராமணக் குடும்பத்துப் பெண் காயத்ரி, கறுப்பாயி என்ற பெயரில் பொய்யான சாதிச் சான்றிதழோடு படித்து, உயர் அதிகாரியாகிறாள். குட்டு உடைகிறது. ஊர் மக்கள் அவள் பக்கம் நிற்கிறார்கள். சாதியை வைத்து இடஒதுக்கீடு கொடுப்பது சரியா என்று படம் கேட்கிறது. கேட்பதென்ன, பதிலையும் அதுவே சொல்லிவிடுகிறது.

எனக்கு அந்தப் படம் பிடிக்காது. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்தவன் நான், எப்படி வைத்தேன் என்பதும் தெரியும். ஒரு நல்ல பெண்ணை, லட்சுமி மாதிரி ஒரு நடிகையை அந்தப் பாத்திரத்தில் போட்டு, வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்ற வைத்தால், பார்க்கிறவன் யார் பக்கம் சாய்வான்? அதுதான் சினிமாவின் வேலை. வாதத்தை முன்னால் வைக்காது, ஒரு முகத்தை வைக்கும். முகத்தோடு யார் வாதாட முடியும்?

சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் படத்தின் சான்றிதழை ரத்து செய்தது. படத்தை விட்டால் கலவரம் வரும் என்று மாநில அரசும் வாதிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1989 மார்ச் 30-ல் வந்த தீர்ப்பை நான் படித்திருக்கிறேன். முதலில் நீதிபதிகள் சினிமாவைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படவே செய்கிறார்கள். அரையிருட்டுக் கொட்டகையில், வேறு எதிலும் கவனம் சிதறாமல், காட்சியும் ஒலியும் சேர்ந்து வந்து மனசைத் தாக்குகின்றன, பத்திரிகை மாதிரி அல்ல இது, அதனால் முன் தணிக்கை தேவைதான் என்கிறார்கள். ஆனால் அங்கே நிற்கவில்லை. ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமென்றால் அதன் ஆபத்து தூரத்தில் எங்கோ இருந்தால் போதாது, வெடிமருந்துப் பீப்பாயில் விழும் தீப்பொறி மாதிரி இருக்க வேண்டும் என்கிறார்கள். சிவகாசியிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டரில் வளர்ந்தவனுக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஊர்வலம் போவோம், கலவரம் செய்வோம் என்று ஒருவர் மிரட்டினால், மிரட்டுகிறவரை அடக்குவதுதான் அரசின் வேலை, படத்தை அடக்குவது அல்ல என்று தீர்ப்பு ஓங்கிச் சொல்கிறது.

எனக்குப் பிடிக்காத ஒரு படத்தால் வந்த தீர்ப்பு, பின்னால் எனக்குப் பிடித்த எத்தனையோ படங்களுக்குக் குடை பிடித்தது. 2017-ல் ‘மெர்சல்’ சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போட்டார்கள், தள்ளுபடியானது. அந்தப் பட வசனத்தில் இருந்த தப்பை, எதிர்த்தவர்கள் சரியாகவே பிடித்தார்கள். சிங்கப்பூரில் 7 சதவீத வரிக்கு வைத்தியம் இலவசம் என்று விஜய் சொல்வார். அங்கே இலவசம் கிடையாது, சம்பளத்தில் பிடித்து வைத்த சேமிப்பிலிருந்து கட்ட வேண்டும். நம்மூரில் 28 சதவீதம் என்பது அப்போதைய உச்ச விகிதம், மருந்துக்கு அது இல்லை. அதெல்லாம் தப்புதான். ஆனால் தப்பைத் திருத்துவதோடு விடாமல் நடிகரின் முழுப்பெயரைத் தோண்டி எடுத்து மதத்தைக் கிளறினார்கள். அதோடு புள்ளிவிவரம் பேச்சிலிருந்தே போய்விட்டது. ஓடிக்கொண்டிருந்த படம் இன்னும் நன்றாக ஓடியது.

சரி, இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற அரசியல். வசனத்தில் இருக்கும், கொடியில் இருக்கும், வில்லன் பெயரில் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு.

2003 வாக்கில் நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் விருதுநகரிலிருந்து மெட்ராஸுக்கு ராத்திரி பஸ்ஸில் போனோம். வீடியோ கோச். மதுரை தாண்டியதும் ‘முதல்வன்’ போட்டார்கள். ஒருநாள் முதல்வர் அதிகாரிகளை வரிசையாக சஸ்பெண்ட் செய்யும் இடம் வந்தது. முன் சீட்டில் ஒரு பெரியவர் ஆட்சியைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். அவருக்கு அடுத்த வரிசையில் இன்னொருவர் பதில் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பேச்சு ரொம்ப முற்றிப் போய், பின்னாலிருந்து ஒரு அம்மா கத்தினார்: “ஏப்பா கிளீனரு, அரசியல் வேணாம், நல்ல குடும்பப் படமா போடுப்பா, பிள்ளைகுட்டியெல்லாம் வருதுல்ல.” கிளீனர் பையன் எழுந்து போய் மாற்றிப் போட்டான். ‘நாட்டாமை’.

பஸ் அடங்கிவிட்டது. சண்டை போட்ட இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்தப் படம் 1994 தீபாவளிக்கு வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது, மூன்று தடவை பார்த்திருந்தேன். ஆலமரத்தடி, சொம்பு, தீர்ப்பு, ஊரை விட்டுத் தள்ளி வைப்பது எல்லாம் அத்துப்படி. கடைசியில் தான் சொன்ன தீர்ப்பு தப்பு என்று தெரிந்ததும் நாட்டாமை உயிரை விடுவாரே, அந்த இடத்தில் பாண்டிய நெடுஞ்செழியனே நினைவுக்கு வருவான். நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் நண்பன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

துவரங்குறிச்சிப் பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “என்னடா, படம் பார்க்கலையா?” என்றேன்.

“கொஞ்ச நேரம் பாத்தேன் மாப்ள. அந்தப் பஞ்சாயத்துல எங்க தாத்தா எங்க உக்காந்திருப்பாருன்னு தேடிக்கிட்டிருந்தேன்.”

“கிடைச்சாரா?”

“கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லடா.”

அவன் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. டீ நன்றாக இருக்கிறது, இன்னொன்று சாப்பிடலாமா என்றுதான் அடுத்துக் கேட்டான். அவன் வீடு ஊருக்குக் கிழக்கே காலனியில். எத்தனையோ தடவை போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அவன் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டவன் என்பதையே நான் ஒரு தகுதிப் பத்திரம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்த காலம் அது. ஆனால் மூன்று தடவை பார்த்த படத்தில், அந்த மரத்தடியில் யார் நாற்காலியில் இருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் ஃபிரேமுக்குள்ளேயே வரவில்லை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்து ஆண் வாயிலிருந்து வருவதுதான் சட்டம், போலீஸும் கோர்ட்டும் அந்த ஊருக்குத் தேவையில்லை என்று இரண்டரை மணி நேரம் ஒரு படம் சொல்கிறது. அதைவிடப் பெரிய அரசியல் என்ன இருக்கிறது? அதைத்தான் பஸ் முழுக்க அரசியல் இல்லாத படம் என்று போட்டுப் பார்த்தோம். தொண்ணூறுகளில் இதே அச்சில் வந்த கவுண்டர், எஜமான் படங்களை எல்லாம் சேர்த்தால் ஒரு கட்சியின் தேர்தல் அறிக்கையே எழுதலாம். எதிர்த்து ஒரு போஸ்டர்கூடக் கிழியவில்லை.

இதற்கு ஒரு பின்கதை உண்டு, எனக்குப் பெருமை தராத கதை. 2016-ல் ‘கபாலி’ வந்தது. ரஜினி சிறையில் அறிமுகமாகும் காட்சியில் கையில் ஒரு புத்தகம் வைத்திருப்பார்: ‘மை ஃபாதர் பாலையா’. தெலங்கானாவில் ஒரு தலித் குடும்பம் கல்வியால் மேலே வந்த கதை, ஒய்.பி. சத்தியநாராயணா எழுதியது. படம் பார்த்துவிட்டு வந்த ராத்திரி நான் பேஸ்புக்கில், “ரஞ்சித் நல்ல இயக்குநர், ஆனால் ரஜினி படத்தில் இந்தக் குறியீடெல்லாம் எதற்கு” என்கிற மாதிரி நாலு வரி எழுதினேன். நூற்றுச் சொச்சம் லைக். அந்த நண்பன் இப்போது கோவையில் இருக்கிறான். வாட்ஸ்ஆப்பில் ஒரே ஒரு வார்த்தை அனுப்பியிருந்தான். ‘நாட்டாமை’. பதிவை அழித்துவிட்டேன்.

ஒரு மனிதன் புத்தகம் படிப்பது எனக்கு உறுத்தியிருக்கிறது. நூறு படங்களில் நூறு பேர் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றது உறுத்தவில்லை.

‘தேவர் மகன்’ இன்னும் சிக்கல். படம் சொல்வது என்ன? அரிவாளைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்பதுதான். கடைசியில் கமல் அதை வாய்விட்டே சொல்கிறார். ஆனால் ஊர்த் திருவிழாக்களில் ஒலிபெருக்கியில் போட்டது அந்த வசனத்தை அல்ல, பெருமை பேசும் பாட்டை. வசனம் ஒன்று சொல்ல, மீசை வேறொன்று சொல்லியது. ஜனம் மீசையைக் கேட்டது. அந்தப் படத்தில் வடிவேலு இசக்கி. கோயில் பூட்டைத் திறந்ததற்காக அவர் கையை வெட்டிவிடுவார்கள். பெரிய வீட்டுச் சண்டையில் கை போனது சின்ன ஆளுக்கு. 2023-ல் மாரி செல்வராஜ் ‘மாமன்னன்’ எடுத்தபோது, கமலும் இருந்த பாடல் வெளியீட்டு விழா மேடையில், அந்த இசக்கிதான் தன் மாமன்னன் என்றார். பெரிய சர்ச்சையானது. நாங்கள் மூன்று தடவை பார்த்துச் சிரித்த, உச்சுக்கொட்டிய ஒரு ஆளை, இன்னொருத்தர் இத்தனை வருடம் மனதில் சுமந்திருக்கிறார்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ‘மாமன்னன்’ ஓ.டி.டி.க்கு வந்த வாரத்தில் என் அக்கா மகன் போனில் எதையோ பார்த்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். படத்தின் வில்லன் ரத்னவேலு, ஃபகத் ஃபாசில். நாயை அடித்துக் கொல்கிற, சாதித் திமிர் பிடித்த ஆள். அவர் நடந்து வரும் காட்சிகளை வெட்டி, பின்னால் சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து, மாஸ் ஹீரோ மாதிரி ஓடவிட்டிருந்தார்கள். அப்படி ஒன்றல்ல, ஒவ்வொரு சாதிக்கும் ஒரு ரத்னவேலு. மருமகனிடம், “அவன் வில்லன்டா” என்றேன். “தெரியும் மாமா. செம கெத்து” என்றான். இயக்குநர் மொத்தப் படத்தையும் அந்த ஆளுக்கு எதிராக எடுத்திருக்கிறார். பையன்கள் முப்பது விநாடியில் அதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். சினிமாவின் சார்பு ஜனங்களைக் கெடுக்கும் என்று பயப்படுகிறவர்களும், சினிமா ஜனங்களைத் திருத்தும் என்று நம்புகிறவர்களும் அந்த முப்பது விநாடியைப் பார்க்க வேண்டும். ‘புதிய’ என்று பாடினாலும் ‘உதய’ என்று கேட்ட அதே காதுதான். இப்போது அதன் கையில் எடிட்டிங் ஆப் இருக்கிறது.

கட்சிகளுக்குச் சொந்தமான சேனல்கள், தயாரிப்பு நிறுவனங்கள் பற்றி எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். யார் படத்துக்கு எத்தனை தியேட்டர், எந்த சேனலில் எந்தப் படம் வராது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை, அலுப்பாக இருக்கிறது. அதற்குப் பதில் மிக்ஸி கதையைச் சொல்கிறேன்.

2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தில் ஒரு பாட்டில் ஜனங்கள் அரசாங்கம் கொடுத்த இலவசப் பொருட்களைத் தீயில் தூக்கிப் போடுவார்கள். இயக்குநர் முருகதாஸே ஒரு காட்சியில் வந்து மிக்ஸியைப் போடுவார். நான் தியேட்டரில் கைதட்டினேன். இலவசம் நாட்டைக் கெடுக்கிறது என்பது அப்போது என் கட்சி. அப்புறம் அ.தி.மு.க.காரர்கள் பேனரைக் கிழித்ததும், அந்தக் காட்சியை வெட்டியதும், ஜெயலலிதாவைக் குறிக்கிறது என்று அவர்கள் சொன்ன கோமளவல்லி என்ற வில்லி பெயரை ஊமையாக்கியதும் எல்லாருக்கும் தெரியும். நான் வழக்கம்போலக் கருத்துச் சுதந்திரத்தின் பக்கம் நின்று கொதித்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அந்தக் காட்சியை விவரித்தேன். அம்மா எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை. அடுப்படி மேடையில் அவளுடைய விலையில்லா மிக்ஸி இருக்கிறது, ஜெயலலிதா படம் பாதி உரிந்து. அதில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள். கட்சிக்காக வரிந்து கட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மூடியை அழுத்திப் பிடித்தபடி, “ஓடுற மிக்ஸியவா போட்டான்?” என்றாள்.

“படம்மா. சும்மா அடையாளத்துக்கு.”

“வேணாம்னா பக்கத்து வீட்டுக்குக் குடுக்க வேண்டியதுதானே.” அரைத்து முடித்து, விரலால் வழித்து ருசி பார்த்துவிட்டு, “அத எழுதுனவுங்க வீட்ல அம்மியில யாரு அரைச்சாகளாம்?” என்றாள்.

எந்தக் கட்சியின் எந்தப் பேச்சாளரும் அந்தக் காட்சியைப் பற்றி அப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும்தான். அம்மி எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னும் கிடக்கிறது. ஒருநாளும் நான் அதில் அரைத்ததில்லை. தியேட்டரில் என் இரண்டு பக்கமும் கைதட்டியவர்கள் அரைத்திருப்பார்கள் என்றும் தோன்றவில்லை.

இதை எழுதுவதற்காகப் போன மாதம் ‘ஜெய் பீம்’ படத்தை மறுபடி போட்டேன். அம்மாவுக்கு இப்போது முழங்கால் வலி, எழுந்து போவது கஷ்டம், அதனால் கட்டிலில் உட்கார்ந்து கூடவே பார்த்தாள். லாக்கப் காட்சிகளில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்து இரண்டு தடவை சாபம் கொடுத்தாள். அவர் வீட்டுக் காட்சி வந்ததும் ரிமோட்டை அழுத்தி நிறுத்தினேன்.

“என்னடா, கரண்டு போயிருச்சா?”

“இல்லம்மா. பின்னாடி சுவத்துல காலண்டர் இருக்கு பாருங்க.”

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். “லட்சுமி. நம்ம மளிகைக்கடைல குடுப்பான்ல, அதே மாதிரி இருக்கு.” கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முகத்தைச் சுளித்துக்கொண்டு, “இந்தப் பாவி வீட்லயா லட்சுமியக் கொண்டு மாட்டுவாங்க? வேணும்னே பண்ணிருக்காங்கெ” என்றாள்.